கமுகங்கன்றுகளுக்குக் கீழே

அம்பூரியில் ஒரு இளம்பெண், கோவளத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண், மலையோரக் கிராமம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி. மூவரும் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள், திரும்பவில்லை. ஒரு வழக்கை செல்போன் திறந்தது. இன்னொன்றைச் சகோதரியின் பிடிவாதம் திறந்தது. மூன்றாவதற்கு இன்னும் விடையில்லை.

2019 ஜூலை 24. அம்பூரியில், கட்டி முடியாத ஒரு வீட்டின் பின்புறத்தை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு நின்றது. மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்த இடத்தில் கமுகங்கன்றுகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ரப்பரும் கமுகும் பிழைப்பாக இருக்கும் மலையோரத்தில், வீட்டுக்குப் பின்னால் நாலு கன்று நிற்பதைக் கண்டு யாருக்கும் சந்தேகம் வராது. கன்றுகளை நட்டவர்கள் நம்பியதும் அதைத்தான். போலீஸார் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினார்கள். மண்ணுக்குக் கீழே உப்பும், உப்புக்குக் கீழே ஒரு பெண்ணின் உடலும் இருந்தன. அவர் காணாமல் போய் ஒரு மாதத்துக்கும் மேலாகியிருந்தது.

அம்பூரி பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது இது முதல் தடவை அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், நெய்யாறு அணைக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். பழைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது. இப்போது காட்டாக்கடை தாலுகா, பாறசாலை சட்டமன்றத் தொகுதி. சற்று தூரம் போனால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் வந்துவிடும். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எல்லைக்கு இருபுறமும் உறவுண்டு, சந்தையும் உண்டு. 2001 நவம்பர் 9 அன்று பெய்த மழையில் இங்கே மலை சரிந்து ஏறக்குறைய 40 உயிர்கள் மண்ணுக்குள் போயின. அப்போதும் ஊரே சேர்ந்து மண்ணைத் தோண்டியது. அது இயற்கையின் வேலை. 18 ஆண்டுகள் கழித்துத் தோண்டியது மனிதர்கள் மூடிவைத்ததை.

இறந்த பெண்ணின் வீடு பூவாறு போலீஸ் நிலைய எல்லையில் இருக்கிறது. அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, அம்பூரி அருகே அணையில் தேங்கி, கீழிறங்கிப் பூவாறில்தான் கடலில் கலக்கிறது. ஆற்றின் கடைக்கோடியில் வளர்ந்த பெண் ஆற்றின் தலைமாட்டில் புதைக்கப்பட்டார்.

அவர் எர்ணாகுளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். விடுமுறையில் வீட்டுக்கு வந்துவிட்டு, 2019 ஜூன் 21 அன்று வேலைக்குத் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார். எர்ணாகுளம் போய்ச் சேரவே இல்லை. வீட்டாருக்கு முதலில் பயம் எழவில்லை. வேலைக்குப் போகிற பெண், தனியாகப் பயணம் செய்து பழகியவர், போன் செய்வார் என்று காத்திருந்தார்கள். நாட்கள் போயின. ஜூலை முதல் வாரத்தில் தந்தை பூவாறு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

அந்தப் புகாருக்கு ஒரு பதில் முன்னதாகவே தயாராக இருந்தது. அவருடைய சிம் கார்டிலிருந்து செய்திகள் போயிருந்தன. வேறு ஒருவருடன் புதிய வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டதுபோல் தோன்ற வைக்கும் செய்திகள். நம் ஊர்களில் ஒரு இளம்பெண் காணாமல் போனால் அக்கம்பக்கத்தில் கிளம்பும் முதல் பேச்சு எதுவோ, அதையே எழுத்தில் கொடுத்திருந்தார்கள். தேடுவதை நிறுத்திவிட அதைவிட வசதியான காரணம் எந்தக் குடும்பத்துக்கும், எந்த போலீஸ் நிலையத்துக்கும் கிடைக்காது.

ஆனால் அந்தச் செய்தியே கயிறாகிச் சுற்றியது. ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஒரு அடையாள எண் உண்டு. சிம் கார்டை எந்தக் கருவியில் போட்டாலும், அந்தக் கருவியின் எண் தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் விழும். சிம் பெண்ணுடையதுதான், செய்திகள் போன போன் அவருடையது அல்ல என்பதைப் பதிவு காட்டிக்கொடுத்தது. தன் விருப்பத்தோடு ஓடிப்போகிறவர் எதற்காகப் போனை மாற்றிவிட்டு அதே சிம்மைப் போட வேண்டும்? இந்தக் கேள்வியோடு போலீஸார் அந்தக் கருவியைத் தேடிப் போனார்கள். அது காட்டாக்கடையில் விலைக்கு வாங்கப்பட்ட போன் என்று தெரிந்தது. இன்னொரு பக்கம், பெண்ணின் அழைப்புப் பட்டியல் அம்பூரியைச் சேர்ந்த ஒரு ராணுவ வீரரைக் காட்டியது. இருவருக்கும் பல ஆண்டுகளாகப் பழக்கம். அவர் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். வேறொரு பெண்ணோடு அவருக்குத் திருமணமும் நிச்சயமாகியிருந்தது.

அடுத்த வீட்டு நண்பர்தான் முதலில் பிடிபட்டார். அவர் கொடுத்த தகவலின்பேரில்தான் கமுகங்கன்றுகள் பிடுங்கப்பட்டன. ராணுவ வீரர் அதற்குள் விடுமுறை முடிந்து படைக்குத் திரும்பியிருந்தார். தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று தொலைவிலிருந்து மறுத்தார். சில நாட்களில் அவர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டார். அவருடைய சகோதரரும் கைதானார்.

அரசுத் தரப்பு சொன்ன கதை இதுதான். திருமண ஏற்பாட்டை எதிர்த்து அந்தப் பெண் உறுதியாக நின்றார். புது வீட்டைக் காட்டுவதாகச் சொல்லி, நெய்யாற்றின்கரையிலிருந்து அவரைக் காரில் அழைத்துவந்தார்கள். காருக்குள்ளேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். குழி அதற்கு முன்பே வெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று சொல்ல இடம் கொடுக்காத குழி அது.

உப்பு போட்டால் உடல் சீக்கிரம் மக்கிப்போகும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பூவாறு கடற்கரையில் யாரைக் கேட்டாலும் வேறு விதமாகச் சொல்வார்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சும். கருவாடு கெடாமல் இருப்பதே அதனால்தான்.

கொலையை நேரில் பார்த்த வெளியாள் எவரும் இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் சூழ்நிலைச் சாட்சியங்களை ஒரு சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குப் போகும். 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. அம்பூரி வழக்கில் கண்ணிகள் விடவில்லை. 2023 ஜூன் மாதம் திருவனந்தபுரம் கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் சகோதரர்கள் இருவருக்கும் நண்பருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. பெண் காணாமல் போன நாளிலிருந்து தீர்ப்புவரை நான்கு ஆண்டுகள்.

போஸ்டர் ஒட்டிய சகோதரி

இதே மாவட்டத்தில், அம்பூரிக்கு ஓராண்டு முன்பு, இன்னொரு பெண் மறைந்தார். அவருக்காகப் பேச இங்கே உறவும் இல்லை, ஊரும் இல்லை. உடன் வந்திருந்த சகோதரி மட்டுமே இருந்தார்.

லாட்வியா நாட்டைச் சேர்ந்த சகோதரிகள் அவர்கள். அயர்லாந்தில் வாழ்ந்தவர்கள். ஒருவருக்கு மன அழுத்தம். ஆயுர்வேத சிகிச்சைக்காக 2018 தொடக்கத்தில் கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்தை அடுத்த போத்தன்கோட்டில் ஒரு சிகிச்சை மையத்தில் தங்கினார்கள். மார்ச் 14 காலையில், நோயுற்றிருந்தவர் ஒரு ஆட்டோவில் ஏறி கோவளம் கடற்கரைக்குப் போனார். போனையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லவில்லை. ஆட்டோ அவரைக் கோவளத்தில் இறக்கிவிட்டதோடு தடம் முடிந்துபோனது.

அன்றைக்கே சகோதரி போலீஸுக்குப் போனார். கோவளம் சுற்றுலாத் தலம். வெளிநாட்டவர்கள் வருவதும் சொல்லாமல் வேறிடம் போவதும் அங்கே வழக்கம்தான். இதுவும் அப்படித்தான் என்ற எண்ணத்தைக் கலைக்கச் சகோதரிக்கு நாட்கள் பிடித்தன. அவர் காத்திருக்கவில்லை. சகோதரியின் படத்தைப் போட்டு போஸ்டர் அடித்தார். கோவளத்தில் தொடங்கி ஊர் ஊராகப் போய்ச் சுவர்களில் தானே ஒட்டினார். கடைக்காரர்களிடமும் ஆட்டோ ஓட்டுநர்களிடமும் படத்தைக் காட்டிக் கேட்டார். மலையாளம் தெரியாது. துணைக்கு அயர்லாந்திலிருந்து மறைந்தவரின் வாழ்க்கைத் துணைவர் வந்தார். உயர் அதிகாரிகளைப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. தகவல் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த முகம் கேரளம் முழுவதற்கும் பழக்கமாகிவிட்டது.

ஏப்ரல் 20 அன்று, திருவல்லம் அருகே வாழமுட்டத்தில் சதுப்பு மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் உடல் கிடைத்தது. அவர் காணாமல் போன கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். உடல் சிதைந்து, அடையாளம் தெரியாத நிலையில் இருந்தது. மரபணுச் சோதனைதான் யாரென்று உறுதி செய்தது.

வழக்கு அங்கேயே தற்கொலை என்று முடிந்துபோயிருக்கலாம். மன அழுத்தம் இருந்த பெண், ஆளில்லாக் காடு, ஐந்து வாரங்கள் கடந்த உடல். அப்படி முடிந்துவிடக் கூடாது என்று முதலில் குரல் கொடுத்தவர் சகோதரிதான். உடலில் இருந்த மேலங்கி தன் சகோதரியுடையது அல்ல என்று அவர் அடித்துச் சொன்னார். ஒரே அறையில் தங்கி, ஒரே அலமாரியில் துணி வைத்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது. மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பகுதியைச் சேர்ந்த இருவர் கைது செய்யப்பட்டார்கள். சுற்றிக்காட்டுவதாக ஆசைகாட்டி அவரைப் படகில் காட்டுக்குள் அழைத்துப்போய், போதைப் பொருள் கொடுத்து, பலாத்காரம் செய்து, கொன்றார்கள் என்பது வழக்கு.

தீர்ப்பு எளிதில் வரவில்லை. விசாரணை இழுத்தது, சாட்சிகளில் சிலர் பிறழ்ந்தார்கள். வழக்கைச் சீக்கிரம் நடத்தக் கோரி சகோதரி மீண்டும் கேரளத்துக்கு வந்து நீதிமன்றத்தை நாடினார். 2022 டிசம்பர் 6 அன்று திருவனந்தபுரம் நீதிமன்றம் இருவருக்கும் வாழ்நாள் முழுவதுமான சிறைத் தண்டனை விதித்தது. சாம்பலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய பிறகும் நாலரை ஆண்டுகள் அவர் இந்த வழக்கை விடவில்லை.

எட்டு நாள் கழித்து

கோவளத்தில் அந்தப் பெண் மறைந்த எட்டாவது நாள், 2018 மார்ச் 22 அன்று, கேரளத்தின் மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தாய் இறந்திருந்தார். தந்தையும் உடன்பிறந்தவர்களும் வீட்டில். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். எருமேலியில் பஸ்ஸில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு உறுதியான தடயம் எதுவும் இல்லை.

அம்பூரியில் போன் பேசியது. கோவளத்தில் ஒரு மேலங்கி பேசியது. இங்கே பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தை வதந்திகள் நிரப்பின. பெங்களூரில் பார்த்தோம், சென்னையில் பார்த்தோம் என்று தகவல்கள் வந்தபடி இருந்தன. செங்கல்பட்டு அருகே எரிந்த நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தபோது கேரள போலீஸார் அங்கும் ஓடினார்கள். அது அவருடையது அல்ல. பெயர் சொல்லத் தயங்குபவர்களுக்காகப் பல இடங்களில் தகவல் பெட்டிகள் வைக்கப்பட்டன. 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது.

உள்ளூர் போலீஸ், பிறகு குற்றப்பிரிவு, 2021-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. என்று கோப்பு கைமாறியது. சர்வதேச போலீஸ் அமைப்பான இன்டர்போல் மூலம் மஞ்சள் நோட்டீஸ் போனது. காணாமல் போனவர்களைத் தேடும்படி உறுப்பு நாடுகளைக் கேட்பது அது. 2024 ஜனவரியில் சி.பி.ஐ., உயிரோடு இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வழக்கை முடித்துவைக்கும் அறிக்கை தாக்கல் செய்தது. தந்தை ஏற்கவில்லை. அவர் முன்வைத்த தகவல்களைக் கருத்தில் கொண்டு 2024 மே மாதம் மேல் விசாரணைக்குத் திருவனந்தபுரம் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வதந்திகள் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு புதுக் கதையும் வீட்டில் யாரோ ஒருவரைச் சந்தேகப்படச் சொன்னது. காணாமல் போனவரின் துயரத்தோடு, மிச்சமிருப்பவர்கள் தங்கள் மேல் விழும் பார்வையையும் சுமக்க வேண்டியிருந்தது.

பெரியவர் காணாமல் போனால்

மூன்று வழக்குகளிலும் ஒன்று பொது: மறைந்தவர்கள் 18 வயதைத் தாண்டியவர்கள். சட்டத்தின் கண்ணில் இது பெரிய வேறுபாடு.

ஒரு குழந்தை காணாமல் போனால் கடத்தல் அல்லது ஆள்கடத்தல் வியாபாரம் என்றே முதலில் கருதி, உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வயது வந்தவர்களுக்கு அந்த அனுமானம் கிடையாது. அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடமும் சொல்லாமல் போகலாம். அது அவர்களுடைய உரிமை. கேரளத்தில் காணாமல் போனவர்கள் குறித்த புகார்கள் 2011-ம் ஆண்டு கேரள போலீஸ் சட்டத்தின் 57-வது பிரிவில் பதிவாகின்றன. தேட வேண்டிய கடமையைப் போலீஸ் மேல் அது சுமத்துகிறது. ஆனால் அது குற்ற வழக்கு அல்ல. குற்றம் நடந்ததற்கு அறிகுறி தெரிந்த பிறகே கொலை, கடத்தல் பிரிவுகள் சேர்க்கப்படும். அறிகுறியே தெரியாதபடி செய்துவிட்டால்? அம்பூரியில் போன செய்திகளின் நோக்கம் அதுதான். கோப்பு முதல் அட்டையிலேயே நின்றுவிட வேண்டும்.

பெரியவர்களின் சுதந்திரத்தைக் காக்க வேண்டிய விதி, சில நேரங்களில் அவர்களைக் கொன்றவர்களுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. விதியை எடுத்துவிடுவதும் தீர்வாகாது. வீட்டின் விருப்பத்தை மீறித் திருமணம் செய்துகொண்ட பெண்ணைப் போலீஸ் பிடித்துவந்து பெற்றோரிடம் ஒப்படைக்கும் கதைகள் இந்த நாட்டில் ஏராளம். இரண்டுக்கும் நடுவில் போலீஸ் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனவர் உயிரோடும் சுயவிருப்பத்தோடும் இருக்கிறார் என்பதை அவர் குரலிலோ, நேரிலோ உறுதி செய்துகொள்வது. எழுத்தில் வந்த செய்தியை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்பதற்கு அம்பூரியே சாட்சி.

முதல் சில நாட்கள் முக்கியம் என்பதற்கு உணர்ச்சி சாராத காரணமும் இருக்கிறது. கடைகளின் கண்காணிப்புக் கேமராக்கள் பலவற்றில் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பஸ் கண்டக்டருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் முகம் மறந்துபோகும். சதுப்பு நிலத்தில் கிடக்கும் உடல், எப்படி இறந்தது என்று சொல்லும் சக்தியை வாரக் கணக்கில் இழந்துகொண்டே வரும். தொலைபேசி நிறுவனங்களின் பதிவுகள் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். அம்பூரியைக் காப்பாற்றியது அதுதான்.

எல்லையோரக் கிராமங்களுக்கு இன்னொரு சங்கடம். பெண் பூவாறில் வசிப்பார், நெய்யாற்றின்கரையில் கார் ஏறுவார், அம்பூரியில் மறைவார். இன்னும் சிறிது தூரம் போயிருந்தால் மாநிலமே மாறியிருக்கும். 2022 அக்டோபரில் பாறசாலையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட வழக்கில், விஷம் கொடுக்கப்பட்ட வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தது. யார் விசாரிப்பது என்ற கேள்வி எழுந்த பிறகு கேரள குற்றப்பிரிவே விசாரித்து, 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் பதிவு செய்யலாம். 'எங்கள் லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்புவதற்கு இனி சட்டத்தில் இடமில்லை.

ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தச் செய்தியும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கலாம். சொத்துக்கும் காப்பீட்டுக்கும் வாரிசுரிமைக்கும் அந்த அனுமானம் உதவும். மலையோர வீட்டின் அந்த மாணவியைப் பொறுத்தவரை ஏழு ஆண்டுகள் 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டன. ஒரு தந்தைக்குக் காலண்டர் கொடுக்கும் பதில் பதிலாகாது.

அம்பூரி வழக்கில் போலீஸ் திறமையாகத் துப்புத் துலக்கியது உண்மை. ஆனால் அந்தத் திறமை வேலை செய்ய ஆரம்பித்தது, ஒரு தந்தை தன் மகளின் பெயரில் வந்த செய்தியைவிடத் தன் மகளை நம்பிப் போலீஸ் நிலையப் படியேறிய பிறகுதான். கோவளத்திலும் அப்படியே. சகோதரி சொல்லாமல் போகிறவள் அல்ல என்று ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அதை மற்றவர்கள் நம்ப ஐந்து வாரங்களும் ஒரு உடலும் தேவைப்பட்டன. காணாமல் போனவர் எப்படிப்பட்டவர் என்று வீட்டார் சொல்வதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாமல், வழக்கின் முதல் சாட்சியமாக எழுதிக்கொள்ளும் நாள் வந்தால், நட்டுவைக்கும் கமுகங்கன்றுகள் வேர்பிடிப்பதற்குள் உண்மை வெளியே வந்துவிடும்.